உப்புக் காற்றும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும்

நம் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் சில வருடங்களிலேயே ஏசி குளிர்ச்சி குறையும். முன் பம்பரைக் கழற்றி, ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரின் கீழ் வரிசையைப் பாருங்கள். அலுமினியக் குழாயில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துடைத்தால் ஊசி முனை அளவில் ஒரு துளை. கேஸ் கசிவது அதன் வழியாகத்தான். அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம் உலோகத்தைக் காக்கிறது. கடல் காற்றில் வரும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். உடைந்த இடத்தில் அரிப்பு பக்கவாட்டில் பரவாமல் நேராக உள்ளே குழி தோண்டும்.

கார் கம்பெனி தராமல் வேறொரு நிறுவனம் விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை, அதாவது முதல் வாரண்டி முடிந்தபின் வரும் பழுதுகளுக்கான நீட்டிப்பை, வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த வெள்ளைப் பொடியில் இருக்கிறது. கவர் ஆகும் பாகங்களின் பட்டியலில் கண்டென்சர் இருக்கலாம். ஆனால் விலக்குகள் பக்கத்தில் 'துரு, அரிப்பு' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஆய்வுக்கு வருபவர் கசிவு எங்கே என்றுதான் பார்ப்பார். பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தால் அது தயாரிப்புக் குறை, கிளெய்ம் கிடைக்கும். இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் ரப்பர் தேய்மானம், கிடைக்காது. பொடி பூத்திருந்தால் அரிப்பு, அதற்கும் கிடைக்காது. பாகம் ஒன்றே, நமக்கு வரும் பில்லும் ஒன்றே. பழுதின் காரணம்தான் பணம் வருமா என்பதை முடிவு செய்கிறது.

இயந்திரங்கள் பழுதாகும் விதத்தைப் பொறியாளர்கள் குளியல்தொட்டி வடிவில் வரைவார்கள். புதிதில் தயாரிப்புக் குறைகள் வெளிப்படும், அது தொட்டியின் இடது விளிம்பு. பிறகு பல வருடம் பழுது குறைவு, வந்தாலும் எதிர்பாராமல் வருவது. கடைசியில் தேய்மானத்தால் வலது விளிம்பு ஏறும். பல கம்பெனிகள் இப்போது தரும் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. வாரண்டி இடது விளிம்பையும் அடித்தளத்தில் ஒரு பகுதியையும் பார்த்துக்கொள்கிறது. அதன்பின் 2 ஆண்டுக்கு நாம் காசு கொடுத்து வாங்குவது தொட்டியின் அமைதியான அடிப்பகுதியை. வலது விளிம்பு ஏறத் தொடங்கும்போது 'தேய்மானம்' என்ற சொல் குறுக்கே வரும். நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல்: கடலிலிருந்து தள்ளியுள்ள குலசேகரத்தில் ஓடும் வண்டியைவிட முட்டத்தில் நிற்கும் வண்டிக்கு அந்த விளிம்பு முன்கூட்டியே ஏறுகிறது. ஏற்றுவது உப்பு. அதற்கும் விலக்கு.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தொகைகள் எடுத்துக்காட்டுதான். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதை இதே இடங்களில் வைத்துப் போடுங்கள். 2 ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் ஏறக்குறைய 2,288. விற்பவரின் கமிஷன், அலுவலகச் செலவு, லாபம் எல்லாம் போக மிச்சம்தான் பழுதுக்கு. 40,000 ரூபாய் பில் வருகிறது. ஆயில், கேஸ், கூலண்ட், கேஸ்கெட் என்று 6,000 உங்கள் தலையில். மீதி 34,000-இல் வண்டியின் வயதுக்கு 30 சதவீதம் கழித்தால் கையில் வருவது 23,800. 15,000-ஐ 23,800-ஆல் வகுத்தால் 0.63. அதாவது உங்களைப் போன்ற 100 வண்டிகளில் 63-க்கு அப்படியொரு பழுது வந்தால்தான் கொடுத்த காசு தகும். சாதாரண பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர் உள்ள வண்டிக்கு நாலாவது, ஐந்தாவது வருடத்தில் அவ்வளவு வராது. வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சீட்டு என்றால் முடிவில் நம் முறை வரும். இதில் பழுது வராவிட்டால் கட்டியது போனதுதான். அந்தப் பணத்தை மாதாமாதம் ஆர்.டி.யில் போடலாம்.

டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள) ஆட்டோமேட்டிக், டர்போ வண்டிகளுக்குக் கணக்கு மாறும். தக்கலை முதல் களியக்காவிளை வரை நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் அடிக்கடி பாதி பிடித்து நழுவி, கியர்பாக்ஸ் சூடேறும். கியரை மாற்றும் மின்னணு-ஹைட்ராலிக் யூனிட் போனால் பில் லட்சத்தைத் தொடலாம். 20,000 கட்டி 1,00,000 கிடைக்கும் என்றால் 100-க்கு 20 போதும். அந்த யூனிட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். கிளட்ச் தகடு வராது. அப்போதும் முதல் வாரண்டி முடியுமுன் கார் கம்பெனியின் சொந்த நீட்டிப்புக் கிடைத்தால் அதுவே மேல்.

கேரளாவில் வாங்கிய பழைய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். டிஎன் 74, 75 என்று பதிவெண் மாறும்போது ஒப்பந்தம் செல்லாமல் போகாதபடி அதில் சேஸிஸ் எண் இருக்கட்டும். முதல் சில வாரங்கள் காத்திருப்புக் காலம் இருக்கும். ஏற்கெனவே இருந்த பழுதுக்குப் பணம் வராது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாரண்டி நிறுவனம் ஏற்கும் ஒர்க்‌ஷாப் உண்டா? திருவனந்தபுரத்துக்கு இழுத்துப் போகவேண்டுமென்றால் அந்தச் செலவு யாருடையது? அனுமதி வருமுன் பக்கத்து மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் கிளெய்ம் போய்விடலாம். கழற்றிப் பார்த்தபின் மறுத்தால் அந்தக் கூலியும் உங்களுடையது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை.

2021 நவம்பரில் போல வெள்ளம் வந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் இந்த வாரண்டிகள் பொதுவாக உதவாது. காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு தனியாக வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது; தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கடலோர வண்டிகளில் 'இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போச்சு' என்று வரும் பல புகார்களின் வேர் எர்த் வயர் முனையில் பிடித்த பச்சைக் களிம்புதான். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, முனையைத் தேய்த்து, இறுக்கியபின் பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தையும் கண்டென்சரையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கண்டென்சருக்கு பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கும். தோட்டக் குழாயே போதும்.