‘ஹியூ’ என்றால் நிறம் அல்ல

அக்கா மகளுக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் அக்ரிலிக் பெயிண்ட் பைத்தியம் பிடித்துக்கொண்டது. போன வாரம் ஓர் இணையக் கடையின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, இங்க ‘காட்மியம் சிவப்பு’ன்னு ஒண்ணு இருக்கு. பக்கத்துலயே ‘காட்மியம் சிவப்பு நிறம்’னு இன்னொண்ணு. நிறம்னு போட்டது பாதி விலைதான். அப்போ விலை அதிகமானதுல நிறமே இருக்காதா?”

சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. ஆங்கிலத்தில் அது ‘காட்மியம் ரெட் ஹியூ’ (hue). அந்த ‘ஹியூ’ என்ற சொல்லை ‘நிறம்’ என்று பெயர்ப்பதை நான் பார்ப்பது இது முதல்முறை இல்லை. ஓவியம் சொல்லித்தரும் தமிழ்க் காணொளிகளின் எழுத்துவரிகளில் பார்த்திருக்கிறேன். இறக்குமதி ட்யூப்களின் மேல் ஒட்டும் சீட்டில் பார்த்திருக்கிறேன். அச்சிட்ட கையேடு ஒன்றில்கூட இருந்தது. பணம் கொடுத்து வாங்குகிறவரை நேராக ஏமாற்றும் மொழிபெயர்ப்பு இது. பெயர்த்தவருக்கு அப்படி எந்த எண்ணமும் இருந்திருக்காது என்பதுதான் கொடுமை.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘ஹியூ’வுக்கு உருவம், தோற்றம் என்றே பொருள். வெளியே எப்படித் தெரிகிறதோ அதுதான் ஹியூ. பிறகு அது நிறத்தைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. 1905-இல் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் நிறங்களை மூன்று அளவுகளால் பிரித்தபோது முதல் அளவுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார். சிவப்பா, மஞ்சளா, நீலமா என்ற கேள்விக்கு விடை ஹியூ. மற்ற இரண்டும் வெளிர்மையும் அடர்த்தியும். அங்கே ஹியூவை ‘நிறம்’ என்று சொன்னால் தப்பே இல்லை. பாடப்புத்தகத்துக்கு அது போதும்.

ட்யூப் மேல் வரும் ஹியூ வேறு ஆள். ‘காட்மியம் ரெட்’ என்று மட்டும் போட்டிருந்தால், உள்ளே காட்மியம், கந்தகம், செலினியம் சேர்ந்த நிறமி, அதாவது நிறம் தரும் தூள், இருக்கிறது என்று பொருள். ‘காட்மியம் ரெட் ஹியூ’ என்று போட்டிருந்தால் உள்ளே காட்மியம் ஒரு துளிகூட இல்லை. பார்வைக்கு அதைப் போலவே தெரியும்படி வேறு நிறமி வைத்திருக்கிறோம் என்று கம்பெனி ஒப்புக்கொள்கிறது. பெரும்பாலும் அது நாஃப்தால் என்ற செயற்கை நிறமி வகைச் சிவப்பாக இருக்கும். ‘ஹியூ’ இங்கே ஒரு வாக்குமூலம். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் விதிகளும் இதையே கேட்கின்றன: வேறு நிறமியை வைத்து இன்னொன்றின் பெயரைச் சொன்னால், பெயரோடு ஹியூவைச் சேர். அந்த வாக்குமூலத்தை நம் மொழிபெயர்ப்பாளர் ‘நிறம்’ என்று எழுதி அழித்துவிட்டார். பெயிண்ட் பட்டியலில் ‘நிறம்’ என்ற சொல்லைவிட வெறுமையான சொல் உண்டா? அரிசிக் கடைப் பலகையில் ‘பொன்னி அரிசி’க்குப் பக்கத்தில் ‘பொன்னி அரிசி தானியம்’ என்று எழுதி வைத்த மாதிரி.

சரி, ‘நிறம்’ வேண்டாம். வேறு என்ன? இங்கேதான் சண்டை தொடங்குகிறது.

ஓவியம் வரையும் நண்பர் ஒருவர் ‘சாயல்’ என்றார். யோசித்துப் பார்த்தால் அழகான தேர்வு. “அவன் அப்படியே அம்மா சாயல்” என்கிறோமே, பழைய ஆங்கிலத்தின் ‘தோற்றம்’ அதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. மகன் அம்மா இல்லை, ஆனால் அம்மாவைப் போலத் தெரிகிறான். எனக்கும் இரண்டு நாள் இது பிடித்திருந்தது. மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். நிறத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘சாயல்’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ‘நீலச் சாயல் கொண்ட பச்சை’ என்றால் நீலத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த பச்சை. ‘காட்மியம் சிவப்புச் சாயல்’ என்று படிக்கிறவருக்கு, லேசாகச் சிவப்பு ஓடும் ஏதோ ஒரு நிறம்தான் மனதில் வரும். மூடியைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும் ரத்தச் சிவப்பு. போதாக்குறைக்கு, பக்கத்திலேயே ‘சாயம்’ என்று ஒரு சொல் நிற்கிறது. பெயிண்ட்டைச் சாயம் என்று எழுதும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு வரி: சாயம் கரையும், நிறமி கரையாது. அக்ரிலிக் பிசின் கலந்த தண்ணீரில் தூளாக மிதப்பது நிறமி. தண்ணீர் ஆவியானதும் பிசின் அதை ஒரு படலத்துக்குள் பூட்டிவிடுகிறது. அது சாயம் இல்லை. ‘சாயல்’ அச்சுக்குப் போனால் அது ஒருநாள் ‘சாயம்’ என்று திரும்பி வரும், எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு கட்சி ‘போலி’க் கட்சி. தனித்தமிழ்ப் பற்றுள்ள ஒருவர், ‘போலிக் காட்மியச் சிவப்பு’ என்று எழுதுவதே நேர்மை என்று என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார். இலக்கணப்படி அவர் சொல்வது எவ்வளவு சரி தெரியுமா? நிலம் ‘நிலன்’ ஆகும், மஞ்சு ‘மைஞ்சு’ ஆகும். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து உட்கார்ந்தாலும் பொருள் மாறாது. அதற்குப் பெயர் போலி. தொல்காப்பிய உரியியலில் “குருவும் கெழுவும் நிறனா கும்மே” என்று ஒரு வரி. அதில் வரும் ‘நிறன்’ என்பதே நிறத்துக்குக் கடைப்போலி! நிறம் என்ற சொல்லுக்கே ஒரு ஹியூ இருந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னபோது மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார்.

ஆனால் இலக்கண வகுப்புக்கு வெளியே போலி என்றால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலி நகை. கடைக்காரர் ட்யூப்பை நீட்டி “இது போலிங்க” என்றால் யார் வாங்குவார்? பிரெஞ்சுக் கம்பெனிகள் சில ‘இமிட்டேஷன்’ என்பதையே சுருக்கி அச்சடிக்கின்றன, அங்கே யாரும் பதறுவதில்லை. நமக்கு இமிட்டேஷன் என்றதும் கவரிங் சங்கிலிதான் நினைவுக்கு வரும். கவரிங்கில்கூட மேலே மெல்லிசாகத் தங்கம் ஓடும். ஹியூவில் காட்மியம் அவ்வளவுகூடக் கிடையாது.

‘போலி’யை நான் மறுப்பதற்குப் பெரிய காரணம் வேறு. அது பொய்யான மதிப்பீடு. ஹியூ என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை அது கெட்டிப்படுத்திவிடும். அலிசரின் கிரிம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். மேடர் என்னும் செடியின் வேரிலிருந்து காய்ச்சி எடுத்துவந்த சிவப்பு அது. நம் மஞ்சிட்டி அதன் பங்காளி. சோழமண்டலக் கரைத் துணிகளைச் சிவக்க வைத்த சாயவேரிலும் இந்த அலிசரின் உண்டு. 1868-இல் கிரேபெ, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். துணியில் சரி. ஓவியத்தில் மெல்லிய பூச்சாகப் பூசி வெளிச்சத்தில் மாட்டினால் வெளுக்கும். இன்று அக்ரிலிக்கில் ‘அலிசரின் கிரிம்சன் ஹியூ’ என்று விற்பதில் பெரும்பாலும் குவினாக்ரிடோன் நிறமி இருக்கும். அசல் மங்கிப் போகிற இடத்தில் இந்த ‘போலி’ அப்படியே நிற்கும். எது மட்டம்?

இந்தியன் யெல்லோ இன்னும் வேடிக்கை. மாவிலை தின்ற பசுக்களின் சிறுநீரிலிருந்து, இன்றைய பீகாரின் முங்கேர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதைச் செய்ததாக 1883-இல் திரைலோக்கியநாத் முகர்ஜி நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அந்தச் சரக்கு சந்தையை விட்டுப் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அந்தப் பெயரில் கடையில் இருப்பதெல்லாம், ட்யூப்பில் போட்டாலும் போடாவிட்டாலும், ஹியூதான். அசலே இல்லாத இடத்தில் போலி எங்கிருந்து வரும்?

‘காட்மியம் இல்லாச் சிவப்பு’ என்று விளக்கமாகவே எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு முள். லிக்விடெக்ஸ் என்ற பெயிண்ட் கம்பெனி 2017-இல் ‘காட்மியம்-ஃப்ரீ’ என்று தனி வரிசை கொண்டுவந்தது. பளிச்சென்ற நிறத்திலும் அடியை மறைக்கும் திறத்திலும் காட்மியத்துக்கு ஈடு என்று சொல்லி, ஹியூவிலிருந்து பிரித்து விற்கிறார்கள். அந்தப் பெயரை அதற்கே விட்டுவைப்போம்.

‘நிகர்’ நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதே ட்யூப்பின் பின்பக்கம் ‘நிகர எடை’ என்று வரும். ‘ஒப்பு’ என்றால் ஒப்புக்குச் சப்பாணி ஞாபகம் வந்து கெடுக்கிறது. ‘ஈடு’ அடகுக் கடை வாசலில் நிற்கிறது.

என் ஓட்டு ‘மாற்று’க்கு. ‘காட்மியம் சிவப்பு – மாற்று’. வீட்டில் மாற்றுச் சாவி வைத்திருக்கிறோம். அது அசல் சாவி இல்லை, அதே பூட்டைத் திறக்கும், யாரும் அதைத் திருட்டுச் சாவி என்பதில்லை. ஹியூவின் வேலை துல்லியமாக அதுதான். படிக்கிறவருக்கு அகராதி வேண்டாம். அசல் இல்லை என்பது தெரிந்துவிடும், மட்டம் என்ற வசவும் இல்லை. பொன்னின் தரத்தைச் சொல்வதும் ‘மாற்று’ என்ற சொல்தான், பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். குழப்பம் வருமே என்று தனித்தமிழ் நண்பர் கேட்டார். நகைக்கடைக்குப் போய் யாரும் காட்மியம் கேட்கப் போவதில்லை என்றேன்.

அக்கா மகளின் உண்மையான கேள்வி சொல்லைப் பற்றியது இல்லை, எதை வாங்குவது என்பதுதான். அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ட்யூப்பின் முன்பக்கப் பெயரை நம்பாதே, திருப்பிப் பார். பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். பிஆர் (PR) 108 என்றால் அசல் காட்மியம் சிவப்பு. பிஆர் 112, பிஆர் 170 என்றால் நாஃப்தால். பிபி (PB) 28 அசல் கோபால்ட் நீலம். செருலியன் நீலத்தின் ட்யூப்பில் பிபி 15-உம் பிடபிள்யூ (PW) 6-உம் இருந்தால், அது தாலோ நீலத்தில் டைட்டானியம் வெள்ளையைக் கலந்த மாற்று. தாலோ ஒரு முரட்டு ஆள். அசல் செருலியன் என்று நினைத்து மஞ்சளில் கலந்தால் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பச்சையாகிவிடும். குறியீடே போடாத ட்யூப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மாற்று தேடவும் தேவையில்லை. அல்ட்ராமரின் நீலம், காவி மஞ்சள், சுட்ட சியன்னா, டைட்டானியம் வெள்ளை, கருப்பு எல்லாம் அசலே மலிவு. விலை ஏறுவது காட்மியம், கோபால்ட், செருலியன் பக்கம் போகும்போதுதான். அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘காட்மியம் சிவப்பு ஹியூ’வை வாங்குவதற்குப் பதில், ‘நாஃப்தால் சிவப்பு’ என்று சொந்தப் பெயரில் விற்பதை வாங்கு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சரக்கு. இரண்டு மூன்று நிறமி கலந்த ஹியூவை மேலும் இன்னொன்றோடு கலந்தால் சேறாகிவிடும், ஒற்றை நிறமி அப்படிச் சீக்கிரம் கெடாது. அடியில் இருப்பதை முழுக்க மறைக்க வேண்டுமென்றால் மட்டும் அசல் காட்மியத்துக்குக் காசு போடு, நாஃப்தால் கொஞ்சம் ஊடு தெரியும். வெள்ளையோடு கலந்து இளஞ்சிவப்பு எடுக்க நாஃப்தாலே தேவலை, காட்மியம் வெள்ளையில் சோர்ந்துபோகும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் அந்தப் பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். ‘ஹெவி பாடி அக்ரிலிக்’ அங்கே ‘கனமான உடல் அக்ரிலிக்’ ஆகியிருந்தது. கெட்டிக் குழம்பு என்று சொல்ல நம் ஊரில் ஆள் இல்லையா? ‘லாம்ப் பிளாக்’ விளக்குக் கருப்பாம். விளக்குப் புகையைப் பிடித்துக் கண்ணுக்கு மை தீட்டிய வீடுகளில் பிறந்துவிட்டு இப்படி எழுதுகிறார்கள். வெயிலில் மங்கும் நிறத்தை ஆங்கிலத்தில் ‘ஃப்யூஜிட்டிவ்’ என்பார்கள்; அப்படி ஒன்றுக்கு நேராக ‘தப்பியோடிய நிறம்’ என்று இருந்தது. அதைப் படித்ததும் அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“சரி மாமா, கடையில போய் ‘நாஃப்தால் மாற்று’ன்னு கேட்கணுமா?”

“நாஃப்தால் அசல்தான்மா. அதுக்கு மாற்று வேண்டாம்.”

“அப்போ காட்மியத்துக்கு?”

“கடைக்காரர்கிட்ட ஹியூன்னே கேளு. பட்டியல் எழுதுறவன்தான் மாற்றுன்னு எழுதணும்.”