டெப்ரிஸ் ஃப்ளோ: தமிழில் கல்சேற்றுப் பாய்ச்சல்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நடந்ததை நம் செய்திகள் நிலச்சரிவு என்றே எழுதின. தப்பில்லை, மேலே சரிந்தது நிலம்தான். ஆனால் முண்டக்கையையும் சூரல்மலையையும் துடைத்துப் போட்டது அதற்கு அடுத்த கட்டம். ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் பிய்த்துக்கொண்ட மண்ணும் பாறையும் மழைநீரில் குழைந்து, ஆற்றுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு 8 கிலோமீட்டர் வரை ஓடின. இந்த ஓட்டத்துக்குத்தான் புவியியலில் டெப்ரிஸ் ஃப்ளோ என்று பெயர்.

டெப்ரிஸ் என்பது உடைத்து நொறுக்குதலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல். புவியியலில் அது கல், மண், மரம் எல்லாம் கலந்த குவியல். இடிபாட்டுப் பாய்வு என்று தமிழாக்கலாம்தான். ஆனால் இடிபாடு என்றதும் நமக்கு இடிந்த கட்டடம் கண்ணில் வரும். ஜப்பானியர் இதை 'தொசெகிர்யூ' என்கிறார்கள்: மண், கல், ஓட்டம். எவ்வளவு தெளிவு! மலையாளத்தில் உருள்பொட்டல். அதில் உருள் நமக்கும் சொந்தம். பொட்டல் அங்கே உடைந்து வெடிப்பது, இங்கே வெட்டவெளி. அப்படியே எடுத்தால் குழம்பும். எனக்குக் கல்சேற்றுப் பாய்ச்சல் பொருந்தி வருகிறது.

வெள்ளம் என்று சொல்லிவிடக் கூடாதா? கூடாது. வெள்ளத்தில் தண்ணீர்தான் மண்ணை இழுத்துச் செல்லும். இதிலோ பாதிக்கும் மேல் கல்லும் மண்ணும். அப்போதுதான் கொட்டிய கான்கிரீட் கலவைபோல எல்லாம் சேர்ந்தே நகரும். அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் வீட்டளவு பாறையும் அதில் புரண்டு வரும். பெரிய கற்கள் முன்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். முதல் அடி அவற்றால்தான். போகிற வழியில் ஓடைப் படுகையையும் அரித்துச் சேர்த்துக்கொள்வதால், கீழே வர வர அது பெருகவும் செய்யும். சரிவிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஓடைக்கரையில் நிம்மதியாகத் தூங்குகிறவருக்கும் ஆபத்து என்பது இதனால்தான். நிலச்சரிவு என்ற சொல் அவரை எச்சரிப்பதில்லை.

இதை ஆராய அமெரிக்காவின் ஒரிகன் காட்டில் 95 மீட்டர் நீளக் கான்கிரீட் வாய்க்கால் கட்டி, மேலிருந்து கல்லையும் சேற்றையும் திறந்துவிட்டு அளக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் இல்கிராபன் ஓடையிலோ ஆண்டுக்குச் சில முறை உண்மையான பாய்ச்சலே வந்துவிடும். நிலநடுக்க ஆய்வில் பயன்படும் ஜியோபோன்களை அங்கே பொருத்தியிருக்கிறார்கள். மேலே பாய்ச்சல் கிளம்பித் தரை அதிர்ந்தாலே, கீழே ஓடையைக் கடக்கும் இடங்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்து ஒலி எழும். கடப்பவர்கள் விலகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கிடைக்கும்.