திருகும் இல்லை, ஆணியும் இல்லை: டிரில்லிங் மெஷினில் சக் எப்படி நிற்கிறது?

கோவைப் பக்கம் மூடிவிட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய பில்லர் டிரில்லிங் மெஷினும் பெஞ்ச் கிரைண்டரும் விலைக்கு வருகின்றன, வாங்கிச் சரிசெய்யலாமா என்று வாசகர் ஒருவர் படங்களோடு கேட்டிருக்கிறார். கூடவே ஒரு சந்தேகம். விற்பவர் ஸ்பிண்டிலின் (சுழலும் அச்சின்) பக்கவாட்டு ஓட்டைக்குள் ஏதோ ஒரு தகட்டைச் செருகி ஒரு தட்டு தட்டினாராம், பிட்டைக் கவ்வும் சக் அப்படியே கழன்று கையில் வந்துவிட்டதாம். உள்ளே பார்த்தால் மரையும் இல்லை, திருகும் இல்லை, ஆணியும் இல்லை. "அப்படியென்றால் இவ்வளவு நாளும் இது எதைப் பிடித்துக்கொண்டு சுற்றியது?" என்கிறார்.

அந்த இரண்டாவது கேள்வி புரிந்துவிட்டால் வாங்கலாமா என்ற முதல் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடலாம்.

டிரில்லிங் மெஷினின் மற்ற சமாசாரங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பின்பக்கம் ஒரு மோட்டார், மேலே படிப்படியாக விட்டம் மாறும் இரண்டு புல்லிகள், நடுவே பெல்ட். பெரிய துளைக்கு மெதுவான வேகம், சின்னத் துளைக்கு வேகமான வேகம், பெல்ட்டை மாற்றிப் போட்டால் ஆயிற்று. இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வி-பெல்ட் புல்லியின் பள்ளத்தில் அடியைத் தொடுவதில்லை, இரண்டு சாய்ந்த பக்கங்களுக்கு நடுவே இறுகி உட்கார்கிறது. பள்ளத்தின் கோணம் 38 டிகிரி என்றால், அதே இழுவிசைக்குத் தட்டை பெல்ட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் சுவர்களில் கிடைக்கும். சாய்வான இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒன்றை இறுக்கினால் சிறிய விசை பெரிய அழுத்தமாகிறது என்ற இந்தச் சங்கதிதான் சக்கிலும் இருக்கிறது, இன்னும் அழகாக.

சக்கின் தண்டு உருளையல்ல. மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கும் கூம்பு. ஸ்பிண்டிலின் உள்ளேயும் அதே அளவில் ஒரு கூம்புத் துளை. இதற்கு மோர்ஸ் டேப்பர் என்று பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டு என்ற திமிங்கில வேட்டைத் துறைமுகம் இருந்தது. அங்கே தொழில் நடத்திய ஸ்டீபன் மோர்ஸ் என்பவர், இன்று நாம் டிரில் பிட் என்றதும் நினைக்கிற முறுக்குப் பிட்டுக்கு 1863-ல் காப்புரிமை வாங்கினார். அதைப் பிடிப்பதற்கான கூம்பும் அதே காலத்தில் அவர் கொண்டுவந்ததுதான். 0 முதல் 7 வரை அளவுகள். பெஞ்ச் மெஷின்களில் 2-ம் எண் அதிகம் தென்படும்.

இந்த 2-ம் எண் கூம்பில் 20 மி.மீ. நீளம் மேலே போனால் விட்டம் 1 மி.மீ. குறைகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கச் சுவரும் நடு அச்சிலிருந்து 1.43 டிகிரி மட்டுமே சாய்ந்திருக்கிறது, கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரியும். எஃகும் எஃகும் உரசும்போது உராய்வு எண்ணைக் குறைத்தே மதிப்பிட்டு 0.15 என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் சாய்தளக் கணக்கு போட்டிருப்பீர்களே, ஒரு பலகையை எவ்வளவு சாய்த்தால் மேலே வைத்த கட்டை வழுக்கத் தொடங்கும் என்று? 0.15-க்கு அது எட்டரை டிகிரி. நம் கூம்பின் சாய்வோ ஒன்றரை டிகிரிகூட இல்லை. ஆகவே உள்ளே போனது தானாக வழுக்கி வெளியே வர வழியே கிடையாது.

சரி, வழுக்காது. இறுக்கிப் பிடிக்க வேண்டுமே? இங்கேதான் எனக்கு இந்தக் கூம்பின் மேல் காதல். நீங்கள் 100 கிலோ பாரத்துக்குச் சமமாக அதை மேல்நோக்கி அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். சாய்வு மிகக் குறைவு என்பதால் அந்த விசை சுவர்களின் மேல் சுமார் 570 கிலோ அழுத்தமாகப் பெருகி விழுகிறது. ஸ்பிண்டிலின் வாய் மைக்ரான் கணக்கில் விரிகிறது, தண்டு மைக்ரான் கணக்கில் சுருங்குகிறது. இப்போது கையை எடுத்துவிடுங்கள். விரிந்த வாய் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது, சுருங்கிய தண்டு விரியப் பார்க்கிறது, ஆனால் உராய்வு இரண்டையும் நகரவிடாமல் வைத்திருக்கிறது. நீங்கள் கொடுத்த அழுத்தம் எங்கேயும் போய்விடவில்லை, எஃகுக்குள்ளேயே தங்கிவிட்டது. இனி நேராகக் கீழே இழுத்துக் கழற்ற வேண்டுமானால் ஏறக்குறைய 70 கிலோ பாரம் வேண்டும். இறுகுவதற்கு ஒரு மரச் சுத்தியலின் தட்டு போதும்!

வேலை தொடங்கியதும் இன்னும் வேடிக்கை. மென்னிரும்பில் 10 மி.மீ. துளை போடும்போது பிட்டின் மேல் வரும் எதிர் அழுத்தம் சாதாரணமாக 100 கிலோவைத் தாண்டும். அந்த அழுத்தம் எந்தத் திசையில்? மேல்நோக்கி. அதாவது கூம்பை இன்னும் உள்ளே தள்ளும் திசையில். எவ்வளவுக்கு எவ்வளவு கைப்பிடியை அழுத்துகிறீர்களோ, அவ்வளவுக்குப் பிடியும் இறுகிக்கொண்டே போகிறது. துளை மறுபக்கம் வெளியே வரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் நிலைமை தலைகீழாகும்: எதிர் அழுத்தம் சட்டென்று இல்லாமல் போய், பிட்டின் முறுக்கு தகட்டைக் கவ்விக் கீழே இழுக்கும். அப்போது சக்கைக் காப்பாற்றுவது எஃகுக்குள் தங்கியிருக்கிற அந்தப் பழைய அழுத்தம்தான்.

கூம்பின் மேல்முனையில் டேங் என்கிற தட்டையான நாக்கு ஒன்று இருக்கும். பிட்டைச் சுழற்றுவதே அந்த நாக்குதான் என்று பல பட்டறைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுழற்றுவது கூம்பின் சுவர். நாக்கின் முக்கியமான வேலை கழற்றும்போது டிரிஃப்டிடம் அடி வாங்குவது. வாசகர் பார்த்த தகடு அதுதான், அதுவும் ஒரு ஆப்பு. பக்கவாட்டு ஓட்டையில் செருகித் தட்டினால் நாக்கைக் கீழே தள்ளும். முள்ளை முள்ளால் எடுப்பார்கள், இங்கே ஆப்பை ஆப்பால் எடுக்கிறோம். கூம்பு வேறு, 20 மி.மீ. கீழே இறங்க வேண்டியதெல்லாம் இல்லை, மயிரிழை நகர்ந்தாலே மொத்தப் பிடியும் விட்டுவிடும். அதனால்தான் அந்தத் திடீர் கழற்றல். கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத் தட்டுங்கள்.

மேலே 0.15 என்று சுலபமாகப் போட்டேனே, அந்த எண்ணை யாரும் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டுச் சொல்லிவிட முடியாது. பரப்பின் கரடுமுரடு, எண்ணெய்ப் படலம், துரு என்று எல்லாம் சேர்ந்து முடிவு செய்வதால், அளந்துதான் பார்க்க வேண்டும். 1966-ல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்றது. ஆனாலும் ராக்கெட்டுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் கிடைக்கிற நிதி இதற்குக் கிடைக்காது. இரும்பும் இரும்பும் உரசுவதை ஆராய்ச்சி என்று சொல்ல நம் ஆட்களுக்கே கூச்சம்.

இவ்வளவு நல்ல பிடி ஏன் சில மெஷின்களில் கைவிடுகிறது? கூம்பின் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். விட்டத்தில் 1 மி.மீ. என்பது நீளத்தில் 20 மி.மீ. என்றால், சுவரில் ஒட்டிய 0.05 மி.மீ. பிசிறு ஒன்று தண்டை 1 மி.மீ. கீழேயே நிறுத்திவிடும். சுவர் முழுக்கத் தொட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி தொடும். பிடி போய்விடும், சக் அவுட் அடிக்கும் (மையம் விலகி ஆடிச் சுற்றும்), ஒருநாள் கழன்று விழும். இப்படி விழுந்த ஒரு சக்குக்குக் கண் திருஷ்டி என்று சொல்லி மெஷினின் தலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். விரலைத் துணியில் சுற்றி ஸ்பிண்டிலுக்குள் விட்டுத் துடைத்தால் கறுப்பு மசியோடு இரும்புத் தூள் வந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அன்றைக்காவது மெஷினைத் துடைக்கிறார்களே. ஆனால் பெல்ட் மூடியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை நம்புவது எனக்குப் புரியவே இல்லை.

ஆகவே பழைய மெஷின் பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். விற்பதற்காக நேற்று அடித்த பச்சை பெயிண்ட் எதையும் சொல்லாது. சக்கைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றிய கீறல்கள் இருந்தால் யாரோ சக்கை உள்ளே வழுக்கிச் சுற்றவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். லேசான கீறலை, துளைச் சுவரைச் சீவும் கருவியான மோர்ஸ் டேப்பர் ரீமரைக் கையால் மெதுவாகத் திருப்பி எடுத்துவிடலாம், ஆழமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது நடையைக் கட்டுங்கள். சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, நல்ல தண்டு ஒன்றில் மார்க்கிங் புளூ என்ற நீலப் பசையை மெல்லப் பூசி உள்ளே வைத்துக் கொஞ்சம் திருப்பி எடுங்கள். நீலம் மேலிருந்து கீழ் வரை சீராக ஒட்டியிருந்தால் நல்லது, உள்ளே ஆழத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் துளையின் வாய் அகன்றுவிட்டது. அப்புறம் க்வில்லை, அதாவது கைப்பிடியை அழுத்தினால் ஸ்பிண்டிலோடு இறங்கும் உருளையை, முழுக்கக் கீழே இறக்கி, சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பேரிங்கின் ஆட்டம் என்றால் கவலை வேண்டாம், பழைய பேரிங்கின் எண்ணைப் படித்து அதே அளவில் புதிது வாங்கிவிடலாம். க்வில் உரசும் வார்ப்பே தேய்ந்திருந்தால் அது பெரிய வேலை.

இன்னொன்று. டிரில்லிங் மெஷினில் மில்லிங் கட்டர் (பக்கவாட்டில் செதுக்கும் கட்டர்) போட்டு ஓட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். டேப்பருக்குத் தெம்பு கொடுப்பதே கீழிருந்து வரும் அழுத்தம்தான், மில்லிங்கில் அது இல்லை, பக்கவாட்டு அடியும் அதிர்வும்தான் இருக்கின்றன. கூம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, சுற்றிக்கொண்டே கழன்று விழும். மில்லிங் மெஷின்களில் 7-க்கு 24 என்ற, சாய்வு அதிகமான கூம்பு வைப்பார்கள், ஒரு பக்கத்துக்கு 8.3 டிகிரி. வழுக்கும் எல்லையான எட்டரை டிகிரிக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் அது தானாகப் பிடிக்கும் என்று நம்ப முடியாது, மேலிருந்து ஒரு நீள போல்ட் இழுத்துப் பிடிக்கும், போல்ட்டைத் தளர்த்தினால் சுலபமாக விட்டுவிடும்.

துரு, பெயிண்ட் எல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டது. சலவை சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜரை வைத்துத் துரு எடுப்பவர்கள் எதிர்த் தகடாகத் துருப்பிடிக்காத எஃகைப் போடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைந்து வரும், சாதாரண இரும்பே போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். வயரிங்கையும் எர்த்தையும் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

கிரைண்டரிலும் இதே உராய்வுக் கதைதான். சாணை பிடிக்கிற அந்த வீல் தண்டில் சாவி போட்டுப் பூட்டப்படவில்லை, துளை தண்டின் மேல் லேசாகத்தான் உட்காருகிறது. வீலின் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிளேஞ்ச் (வட்டத் தட்டு), நடுவே காகித வட்டு, வெளியே ஒரு நட்டு. வீலைத் தூக்கிச் சுற்றுவது பிளேஞ்சின் உராய்வு. வலப்பக்க நட்டு சாதாரண மரை, இடப்பக்க நட்டு எதிர் மரை. ஏன்? இரும்பை வைத்து அழுத்தினால் வீல் தண்டைவிடப் பின்தங்கப் பார்க்கும், அப்போது நட்டையும் கூடவே இழுக்கும், இரண்டு பக்கமும் அந்த இழுப்பு இறுக்கும் திசையிலேயே இருக்கிறது. இங்கேயும் வேலைதான் பிடியை இறுக்குகிறது. அதனால் நட்டைப் பேய்த்தனமாக முறுக்கத் தேவையில்லை, முறுக்கினால் வீலில் விரிசல் விழும். காகித வட்டைக் குப்பை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள், அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான்.

150 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வீலைப் பிய்க்கும் விசை நான்கு மடங்கு. அதனால் வீலின் லேபிளில் அச்சிட்ட உச்ச வேகம் மோட்டாரின் வேகத்துக்கு மேல் இருக்க வேண்டும். பழைய கிரைண்டரோடு வந்த வீலைக் கழற்றி, நடுத் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். பீங்கான் பிணைப்பு வீல் என்றால் கணீரென்று ஒலிக்கும். மந்தமாகத் தொப்பென்று கேட்டால் உள்ளே விரிசல். ரெசின் பிணைப்பு வீலில் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. லேபிள் அழிந்த வீல், எண்ணெயில் கிடந்த வீல், எத்தனை ஆண்டு ஈரத்தில் கிடந்தது என்று தெரியாத வீல் எதையும் நான் மாட்ட மாட்டேன், புது வீல் ஒன்றும் பெரிய விலையில்லை. புது வீலையும் மாட்டியபின் முதல் ஒரு நிமிடம் பக்கவாட்டில் நின்றுகொண்டு வெறுமனே ஓடவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. டூல் ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. கழித்த வீலை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். சுத்தியலால் நாலு துண்டாக உடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதை எடுத்துத் துடைத்து வேறொரு கிரைண்டரில் மாட்டிவிடுவார்கள்.