கார்புரேட்டர் மேல் பழி போடுமுன்

போன வருஷம் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காகச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, கானாடுகாத்தான் வீட்டுக் கொட்டகையில் பதினோரு மாதம் நின்ற அம்பாசிடர் மார்க் 3-ஐக் காரைக்குடியில் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தது. "அண்ணே, ஐடில்ல நிக்க மாட்டேங்குது. பழைய எஸ்யூ கார்புரேட்டர் வேணாம், வேற மாட்டிருங்க" என்றார் வீட்டுப் பையன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டால் இன்ஜின் அணைந்துவிடுகிறதாம். எஸ்யூ என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் ஒரு வகை.

கையில் புகைச் சோதனைச் சீட்டு வைத்திருந்தார். கார்பன் மோனாக்சைடு 0.4 சதவீதம். இந்த வயசு வண்டிக்கு 3 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஆனால் ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. முதல் எண் குறைவு, இரண்டாவது அதிகம் என்றால் எனக்குச் சந்தேகம் காற்றுக் கசிவு மேல்தான் போகும். தேவைக்கு மேல் காற்று சேர்ந்து, பெட்ரோல் பற்றாமலே வெளியே போகிறது.

எஸ்யூவில் நான் முதலில் பார்ப்பது த்ராட்டில் ஸ்பிண்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டை. விரலால் பிடித்து ஆட்டினேன், லொடலொடவென்று ஆடியது. அந்த இடுக்கில்தான் காற்று கசிகிறது; பாதிக் கதை அங்கேயே முடிந்தது. அப்புறம் மேல் மூடியைத் திருகி, டாஷ்பாட் என்னும் எண்ணெய்க் குழியைப் பார்த்தால் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதில் 20-ஆம் நம்பர் ஆயில் கொஞ்சம் இருந்தால்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் நிதானமாக எழும்பும். இல்லையென்றால் வண்டி தயங்கும். இதற்குப் போய் கார்புரேட்டரையே மாற்றச் சொல்லுவார்கள்!

ஸ்பிண்டிலுக்குப் புது புஷ் போட்டபின் ட்யூனிங். கார்புரேட்டர் பக்கத்தில் அந்தப் பிஸ்டனைத் தூக்கும் சின்ன ஊசியை நெல் முனை அளவுக்கு மேலே தள்ளிக் காது கொடுத்தேன். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணைந்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. நமக்கு அணைந்தது. பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் கீழ் நட்டைக் கொஞ்சம் இறக்கி, பெட்ரோலைக் கூட்டினேன். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய அளவு போதாது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்துவிடும்.

அதே எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு, நின்றுபோன வண்டியின் பழைய ரப்பரை ஊதவைக்கிறது, உலோகத்தை அரிக்கிறது. இங்கே பெட்ரோல் வரும் ரப்பர் ஓஸ் விரலில் கறுப்பாய் ஒட்டியது. அம்பாசிடரில் கார்புரேட்டருக்கு நேர் கீழே புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிபோல்ட். சொட்டினால் நேரே அதன் மேல்தான். அதனால் எத்தனால் தாங்கும் ஓஸை உடனே மாற்றினேன். இந்தச் செலவில் மட்டும் நான் பேரம் பேசவிடுவதில்லை.

இன்ஜினுக்குள் சேரும் புகையை வால்வு கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குக் கொண்டுபோகும் மூச்சுக் குழாயை யாரோ போல்ட் வைத்து அடைத்திருந்தார்கள். "புகை கம்மியாகும்னு சொன்னாங்க" என்றார் பையன். குறையாது. அந்தப் புகை உள்ளே அழுத்தமாகச் சேர்ந்து, இன்ஜினின் பின்பக்க சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். தள்ளியிருந்தது.

புகையைச் சுத்தப்படுத்தும் தேன்கூட்டுக் கேடலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள 90-களின் பிற்பகுதிக் கார்களில் அது அடைத்துவிட்டது என்று குத்தி எடுக்கச் சொல்லி வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்: அடைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் மிஸ்ஃபயர், அதாவது இன்ஜினில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது. அதைப் பாருங்கள்.

மறுசோதனையில் கார்பன் மோனாக்சைடு 2.1, ஹைட்ரோகார்பன் வரம்புக்குள். குடும்பம் சென்னைக்குக் கிளம்பி வண்டி மறுபடி கொட்டகையில் நிற்குமுன், பம்ப் ஓஸைக் கழற்றி அடைத்துவிட்டு இன்ஜின் தானாய் நிற்கும்வரை ஓடவிடுமாறு வீட்டுக் காவல்காரருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காது.