ரம் தூக்க மாத்திரை இல்லை, ஐயா

2025 மே மாதம் முடிவதற்குள் இன்னொருவரும் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். எழுபத்து நான்கு வயது. 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தவர். இந்த முறை பாகிஸ்தானோடு சண்டை மூண்ட அந்த நாலு நாளும் டிவி முன்னாலிருந்து எழவே இல்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதை வீட்டில் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை என்று ராத்திரிக்கு ரெண்டு பெக். சண்டை நின்றது, பெக் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. "நேத்து கொஞ்சம் அதிகமாயிடுச்சு போல" என்று மதியம் வரை படுக்க வைத்திருந்தார்கள். என்னிடம் கூட்டிவந்தபோது, மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு உரிய நாலரை மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

எரிச்சலில்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள். இது முதல் கேஸ் என்றால் எழுதியிருக்க மாட்டேன். (ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நம்ம ஊர்க்காரர்கள் யார் என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம்.)

நான் வைத்தியம் பார்ப்பது வேலூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இந்த வட்டாரத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே தெருவுக்கு ரெண்டு மிலிட்டரிக்காரர் வீடாவது இருக்கும். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கம் தகரக்கூரை போட்ட ஒரே ஹால்தான். வாசலில் கொடிக்கம்பம், உள்ளே வெலிங்டன் ராணுவப் பயிற்சி சென்டர் காலண்டர், கேரம் போர்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரு பெரிய டிவி. பென்ஷன் சந்தேகம், லைஃப் சர்டிபிகேட், பாலி கிளினிக் (முன்னாள் படைவீரர்களுக்கான அரசு கிளினிக்) ரெஃபரல், பேத்தி கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பிரஷர் மெஷினோடு போய் உட்காருவேன்.

ஏப்ரல் 22, பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதிலிருந்தே ஹாலில் கேரம் போர்டைத் தொட ஆளில்லை. மே 7 விடியற்காலையில் ஆபரேஷன் சிந்தூர் செய்தி வந்தது. அன்றிலிருந்து அந்த டிவியை யாரும் அணைக்கவில்லை. எல்லைக்குப் போகத் தயார் என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்கு ரெண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. லீவில் வந்த பையன்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், காட்பாடி ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்த அப்பாக்கள் நேராகச் சங்கத்துக்கு வந்தார்கள். டீக்கடை, ரேஷன் கடை, சலூன் எங்கே போனாலும் பெரியவர்களை மறித்து, "ஐயா, பெரிய சண்டையா ஆகிடுமா?" என்று ஒரே கேள்வி. முப்பது வருஷமாக யாரும் மதித்து ஒன்றும் கேட்காத மனிதருக்குத் திடீரென்று ஊரே காது கொடுத்தால் எப்படி இருக்கும்? பதில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் டிவி பார்ப்பார்.

எல்லை ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, இங்கே யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1991 வளைகுடாப் போரில், ஜனவரி 18 அன்று ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் முதன்முதலாக இஸ்ரேலில் விழுந்தன. அன்று ஒரு நாளில் அந்த நாட்டில் நடந்த மரணங்கள் வழக்கத்தைவிட 58 சதவீதம் அதிகம். குண்டில் சிக்கிச் செத்தவர்கள் இல்லை. பெரும்பாலும் இதயம், ரத்தக்குழாய்க் கோளாறு. அதற்கப்புறமும் வாரக்கணக்கில் ஏவுகணைகள் விழுந்தன, ஆனால் மரணம் அப்படி ஏறவில்லை. உடம்புக்கு முதல் அதிர்ச்சிதான் கண்டம். சரி, அங்கே குண்டு தலைமேல் விழுந்தது, இங்கே இல்லையே என்பீர்கள். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு ஆய்வு செய்தார்கள். தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நின்றவர்களைவிட மன அழுத்தம் அதிகமாக இருந்தது.

அந்த டிவியிலாவது உண்மை வந்ததா? மே 8 இரவு கராச்சி துறைமுகம் தரைமட்டம் என்று சேனல்கள் அலறின. மறுநாள் அப்படி ஒன்றும் இல்லை. போதாக்குறைக்குச் செய்திக்கு நடுவே விமானத் தாக்குதல் சைரனைப் பின்னணி இசை மாதிரி ஓடவிட்டார்கள். அந்தச் சத்தத்தைப் போடாதீர்கள் என்று மே 10 அன்று அரசே சேனல்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. பதான்கோட் பக்கம் 1971ல் அந்தச் சைரனைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் குதித்த ஒருவர், டிவியில் அது ஊதியதும் நாற்காலியை விட்டு எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றார் என்று அவர் மருமகள் சொன்னாள். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லையாம். இதில் இன்னொன்று: பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் காது மந்தம். டிவியை முழுச் சத்தத்தில் வைப்பார்கள். சைரன் தெருவுக்கே கேட்கும். காது டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் காதில் விழவில்லை.

இப்போது ரம் விஷயத்துக்கு வருகிறேன்.

"டாக்டரம்மா, இது மருந்து மாதிரி. பனியில எங்களுக்கு அரசாங்கமே குடுத்தது." இந்த வசனத்தைச் சொல்லாத பெரியவர் என் கிளினிக்கில் இல்லை. கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அப்போது உங்களுக்கு வயது இருபத்தைந்து. பிரஷர் இல்லை, சுகர் இல்லை, காலையில் பி.டி. ஓட்டம் இருந்தது, அளந்து ஊற்ற ஆள் இருந்தார். இப்போது அளப்பது யார்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், குளிரில் குடித்தால் உடம்பு சூடாவதில்லை. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு மாதிரி தெரியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்குத் தெரியும்.

தூக்கத்துக்கு வருவோம். குடித்தால் சீக்கிரம் கண் சொக்கும், உண்மைதான். அதைத்தான் தூக்கம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். போதை இறங்கும் நேரம், நடு ராத்திரி ரெண்டு மூன்று மணிக்கு, பொட்டென்று விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும், வேர்க்கும். முதல் பாதி இரவில் அமுக்கி வைத்த கனவெல்லாம் பின் பாதியில் மொத்தமாக வரும், அதுவும் எந்தக் கனவு வரக் கூடாது என்று குடித்தீர்களோ அதே கனவு. உடனே என்ன செய்கிறீர்கள்? இன்னொரு பெக். காலையில் பிரஷர் எகிறி நிற்கும். "மாத்திரை போட்டும் குறையலையே" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். குறட்டை விடுபவர்களுக்கு இன்னும் மோசம், மூச்சு நின்று நின்று வரும். சிலர் மெடிக்கல் ஷாப்பில் யாரோ பழக்கத்துக்குக் கொடுத்த தூக்க மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறார்கள். ரம்மும் அல்பிரசோலமும் சேர்ந்தால் ஆள் காலையில் எழுந்திருக்காமலே போகலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, குடிக்கிற வீட்டில் பக்கவாதம் ஒளிந்துகொள்ளும். வாய் குழறினால் சரக்கு, தள்ளாடினால் சரக்கு, எழுந்திருக்கவில்லை என்றால் சரக்கு. மேலே சொன்ன பெரியவருக்கு நடந்தது அதுதான்.

இதைப் படித்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டு பாட்டிலைத் தூக்கி எறிபவர்களும் இருப்பார்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வையில் ஆரம்பித்து, ரெண்டு மூன்று நாளில் வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத உளறல் வரை போகும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, மருந்தோடு நிறுத்துங்கள். மாசக் கடைசியில் மிலிட்டரி கேன்டீன் ரம் கோட்டா தீர்ந்து, "தாத்தா ஏதோ பேய் பார்த்த மாதிரி பேசுறார்" என்று வந்தால் நான் முதலில் கேட்பது கடைசியாக எப்போது குடித்தார் என்பதைத்தான்.

குடி மேலோட்டமான கதைதான். ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பட்டாளத்துக்காரனுக்கு மனசு கலங்குமா என்று ஊர் நினைக்கிறது, அவர்களும் நினைக்கிறார்கள். போர் மாதிரியான பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனக்கலக்கத்துக்கு 1980லேயே பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைத்து, நோய் என்று மருத்துவப் புத்தகத்தில் சேர்த்தாகிவிட்டது. வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று ஓடிய வருஷங்களில் அடங்கிக் கிடந்துவிட்டு, ரிட்டயர் ஆகி, மனைவியும் போய், வீட்டில் தனியாக உட்காரும் வயதில் எழுந்து வரும். டிவியில் ஒரு சண்டை போதும்.

1971 ஆட்களாவது பேசுவார்கள். ஜெயித்த போர், மெடல் இருக்கிறது, பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். என் கவலையெல்லாம் 1987ல் யாழ்ப்பாணத்துக்கு அமைதிப்படையில் போனவர்களைப் பற்றி. கிட்டத்தட்ட 1,200 பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. அதன் அரசியல் நியாயம் பேச இது இடமில்லை, அங்கே தமிழ் மக்கள் பட்டதும் கொஞ்சமில்லை. நான் சொல்ல வருவது வேறு. எதிரில் நின்றவர்களும், நடுவில் சிக்கியவர்களும் தன் மொழியே பேசிய ஒரு போருக்குப் போய்வந்த தமிழ்ச் சிப்பாய், இந்த ஊரில் அதை யாரிடம் சொல்வான்? சங்கத்தில் எல்லோரும் கார்கில் பேசும்போது இவர்கள் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அம்மான்னு கத்துனாங்க டாக்டரம்மா. நம்ம அம்மாதான்." அவருக்கு இப்போது மருந்து கொடுக்கிறோம். தூங்குகிறார். கெட்ட கனவுக்கு மருந்து இருக்கிறது, பேசித் தீர்க்கும் சிகிச்சை இருக்கிறது, பாலி கிளினிக் வழியாக மனநல மருத்துவரைப் பார்க்க முடியும். பென்ஷனில் கை வைக்க மாட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

பையன் பார்டரில் இருக்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. போன் ஸ்விட்ச் ஆஃப் என்றால் போனை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்கு மேல் எதுவும் யோசிக்காதீர்கள். கெட்ட செய்தி வாட்ஸ்அப்பில் வராது, யூனிட்டிலிருந்து முறையாக வரும். பக்கத்து வீட்டுக்காரர்களே, தினமும் காலையில் அந்தத் தாயிடம் போய் "ஏதாவது தகவல் வந்துதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அக்கறையில் கேட்கிறீர்கள், தெரியும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயிறு கலங்குகிறது. கூடமாட ஒரு வேலை செய்துகொடுங்கள், தண்ணீர் பிடித்துக்கொடுங்கள், அது போதும்.

சண்டை இப்போதைக்கு நின்றிருக்கிறது. மறுபடி மூண்டால் இதைச் செய்யுங்கள். செய்தி காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, அவ்வளவுதான். ராத்திரி எட்டரைக்கு மேல் டிவி வேண்டாம். சங்கச் செயலாளரிடம் ரிமோட்டைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன், முறைத்தார், பரவாயில்லை. மாத்திரை பத்து நாளுக்குக் கையிருப்பு இருக்கும்போதே வாங்குங்கள். பாலி கிளினிக்கில் ஸ்டாக் இல்லை என்றால் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள், வெளியே வாங்கிப் போடுங்கள், பில் பஞ்சாயத்தை அப்புறம் பார்க்கலாம். பிரஷர் மெஷின் வாங்கிய புண்ணியவான்கள் கால் மணிக்கு ஒருதரம் கட்டிப் பார்க்க வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி, உடனே 108. என்னிடம் கூட்டிவராதீர்கள், ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் 14416, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

மருமகள்களே, மகள்களே, மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் "இன்னும் தூங்கலையா" என்று அதட்டாமல், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் விடுங்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சங்க ஹாலில் இருப்பேன். வரும்போது மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்து வாருங்கள். "சின்னதா, வெள்ளையா, நடுவுல கோடு போட்டிருக்கும்" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது.