ஓரிதழ் தாமரையைப் பிடுங்காதீர்கள், விதையைப் பிடியுங்கள்

போன கார்த்திகையில் ஒரு தம்பி கேரிபேக் நிறையச் செடிகளோடு கிளினிக்குக்கு வந்தார். "சார், இது ஓரிதழ் தாமரைதானே? வீடியோவுல காட்டுனாங்க. ஏரிக்கரையில இருந்த மொத்தத்தையும் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

மேசையில் கொட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி சரியான செடிதான். எல்லாம் வேரோடு. கிளைக்குக் கிளை பட்டாணியைவிடச் சின்னதாகப் பச்சைக் காய்கள்; ஒன்றுகூட முற்றவில்லை. அடுத்த மழைக்கு அந்தக் கரையில் முளைக்க வேண்டியதெல்லாம் அந்தப் பைக்குள் வாடிக் கிடந்தது. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆண்மைக்கு நல்லது, உடம்புக்கு வலு என்று ஊரெல்லாம் இதைத் தேட வைத்ததே எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களின் பேச்சுதான்.

பெயரில்தான் தாமரை, குளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மழைக்குப் பிறகு புல்தரையிலும் தரிசிலும் முழங்காலுக்குக் கீழே நிற்கும் சிறு செடி. வயலட் குடும்பம். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரே 'வயோலா என்னியாஸ்பெர்மா', அதாவது ஒன்பது விதை வயலட். பிறகு ஹைபாந்தஸ் ஆகி, இப்போது ஆஃப்ரோஹைபாந்தஸ். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பூக்கும் வயலட்டுகளுக்கு வெயிலில் காயும் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவை உற்றுப் பார்த்தால் ஐந்து இதழ் இருக்கும். நான்கு பெயருக்குத்தான், கீழிதழ் மட்டும் மண்வெட்டி மாதிரி அகன்று, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து நிற்கும். அதனால்தான் ஓரிதழ். ஓரிலைத் தாமரை என்பது வேறு; அது தரையோடு ஒற்றை இலை விடும் ஆர்க்கிட். பொடியாக்கிவிட்டால் எது எதுவென்று கண்ணால் பார்த்து என்னாலேயே சொல்ல முடியாது. வீட்டில் வளர்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நானும் முதலில் செடியைப் பெயர்த்துவந்துதான் வைத்தேன். வேர் நேராக ஆழமாக இறங்கி, சீக்கிரமே விறகுபோல் ஆகிவிடும். தோண்டும்போது நுனி அறுந்துவிடுகிறது. பத்தில் இரண்டு பிழைத்தால் அதிகம். விதைதான் வழி.

அந்த விதையைப் பிடிப்பதில்தான் சூட்சுமம். காய் பச்சை மாறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் மூன்றாகப் பிளக்கும். ஒவ்வொரு ஓடும் இரு பக்கமும் மடங்கி, உள்ளே இருக்கும் வழவழப்பான விதைகளை நெருக்கித் தெறிக்கவிடும். ஈரமான புளியங்கொட்டையை விரலிடுக்கில் அழுத்தினால் நழுவிப் பாயுமே, அதே கதை. காலையில் பார்த்த காய் மதியம் வெறும் ஓடாக இருக்கும். அதனால் நிறம் மாறத் தொடங்கியதுமே காயைக் கிள்ளி, காகித உறையில் போட்டு வாயை மடித்துவிடுங்கள். நிழலில் வைத்தால் ஓரிரு நாளில் உறைக்குள் 'பட் பட்'டென்று கேட்கும். ஒரு செடியில் பாதிக் காயை எடுங்கள், மீதி மண்ணுக்கு.

எடுத்த உடனே விதைத்தபோது எனக்குச் சரியாக முளைக்கவில்லை. உறையிலேயே வைத்திருந்து மறு புரட்டாசியில் போட்டவை பரவாயில்லாமல் வந்தன. செம்மண்ணும் மணலும் சரிபாதி, உரம் கொஞ்சம்போல, ஒரு அடி ஆழத் தொட்டி, முழு வெயில். விதையைப் புதைக்க வேண்டாம். மேலே மணலைத் தூவினால் போதும். எறும்பு தூக்கிப் போகும், கவனம். தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும். வாடுவதைவிட அழுகிச் செத்ததுதான் என்னிடம் அதிகம்.

வளர்ந்துவிட்டது என்பதற்காக நீங்களாகவே அரைத்துக் குடிக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கருமுள் போர்த்த செம்பழுப்புப் புழுக்கள் ஒருநாள் திடீரென்று வந்து இலைகளை மொட்டையடிக்கும். மருந்தடிக்க ஓடாதீர்கள். அவை வளர்ந்து ஆகும் கரும்புள்ளி போட்ட ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சிக்கு 'அக்ரேயா வயோலே' என்று பழைய பெயரே இருந்தது. வயலட் அதன் பெயரிலேயே இருக்கிறது. என்னிடம் உள்ள ஏழு தொட்டியில் இரண்டை அவற்றுக்கென்றே விட்டுவிட்டேன்.