நின்ற வண்டிக்கு டேங்க் நிரப்பாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. போன ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு போன் வந்தது.

"அண்ணே, ஏர்வாடி தாண்டி நிக்கிறோம். ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. வண்டி எடுக்கவே மாட்டேங்குது. உள்ள பிள்ளைங்க இருக்காங்க."

"வண்டி எத்தனை வருஷமா நின்னது தம்பி?"

"நாலு வருஷம்ணே."

"வழியில டேங்க் ஃபுல் பண்ணீங்களா?"

"ராமநாதபுரத்துல பண்ணோம். அதுக்கப்புறம்தான் மோசமாயிருச்சு. பங்க்ல கலப்படம் போலண்ணே."

கலப்படம் இல்லை. கீழக்கரையில் இருபத்தைந்து வருடமாக வேன் எஞ்சினும் படகு எஞ்சினும் பார்க்கிறேன். வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி வழியில் படுத்தால் பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி அதன் டேங்க்தான்.

இது கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றிய பழைய டீசல் வேன். தங்கச்சிமடத்தில் ஒரு தென்னந்தோப்பில் கடல் காற்றில் நின்றிருக்கிறது. விலை மலிவு. புது பேட்டரி போட்டதும் எஞ்சின் ஒரே அடியில் எடுத்துவிட்டதாம். அப்படியே தூத்துக்குடியில் இருக்கும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு உதறு உதறி நின்றிருக்கிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்திருக்கிறது. "சூடாயிருச்சு" என்று நினைத்துவிட்டார்கள். உச்சிப்புளியில் மறுபடியும் அதே கதை. அங்கே டீக்கடையில் யாரோ சொன்ன யோசனைதான் ஃபுல் டேங்க்: "பழைய டீசல்ல, புது டீசல் ஊத்துனா கலந்து சரியாப் போயிரும்."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். சாம்பாரில் உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டலாம். அந்தக் கணக்கு டேங்குக்கு ஒத்து வராது. டேங்க் அடியில் அரை லிட்டர் தண்ணீர் கிடந்தால், மேலே அறுபது லிட்டர் புது டீசல் ஊற்றினாலும் அது அரை லிட்டர் தண்ணீர்தான். கரையாது, கலையாது, ஆவியாகாது. துருவும் அப்படித்தான். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளர்கிற கறுப்புப் பாசியும் (பாசி என்கிறோம், உண்மையில் நுண்ணுயிர்ப் படலம்) அப்படித்தான். நாலு வருடமாக அடியில் சும்மா படிந்து கிடந்த வண்டலை, பங்க் குழாயின் வேகம் மொத்தமாகக் கலக்கி மேலே கொண்டுவந்துவிடும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்த அழுக்கு அதன் பிறகு மொத்தமாகக் குழாயில் ஏறும். இன்னொன்றையும் யோசியுங்கள். பத்து லிட்டர் இருக்கும் டேங்கை ஒரு கேனில் வடித்துவிடலாம். அறுபது லிட்டரை நடு ரோட்டில், இருட்டில், எதில் பிடிப்பது?

கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினால் சுத்தமாகும் என்பதும் இதே ரகம். எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்ப்புக்கு வழுவழுப்பு தருவதே டீசல்தான். அதையும் கெடுக்காதீர்கள்.

அன்று ராத்திரி டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். மேலே கலங்கலாக டீசல், நடுவில் தலைமுடிபோல் கறுப்பு நூல் நூலாகப் பாசி, அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். பேப்பர் ஃபில்டரைப் பிரித்தால் மடிப்புக்கு மடிப்பு காபி வண்டல்போல் துரு. கெட்டுப்போன டீசலின் வார்னிஷ் வாடை வேறு. அந்தத் தம்பி பங்க் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

பங்க் மேல் சந்தேகம் இருந்தால் அதை அங்கேயே கேட்டுவிடுங்கள். அன்றைய டீசலின் டென்சிட்டியை, அதாவது அடர்த்தியை, எழுதி வைத்திருப்பார்கள், ஹைட்ரோமீட்டரில் அளந்து காட்டச் சொல்லலாம். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். எத்தனால்தான் காரணம் என்று டீசல் வண்டிக்காரர்களே வந்து சொல்கிறார்கள். இங்கே 20 சதவீதம் எத்தனால் கலப்பது பெட்ரோலில்தான், டீசலில் இல்லை.

நின்று, பத்து நிமிடத்தில் தானாக எடுக்கிற வண்டி உங்களிடம் ஒன்று சொல்கிறது. டேங்குக்குள் இருக்கும் சல்லடையில் அழுக்கு போய் அப்பிக்கொள்கிறது. எஞ்சின் நின்றதும் இழுப்பு விட்டு, உதிர்ந்து கீழே விழுகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது தெரியாது, ஏற்றத்தில் டீசல் கூடுதலாகக் கேட்கும்போது காட்டிக்கொடுக்கும். சில வண்டியில் டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். அது காற்றுத் துளை அடைப்பு, ஊசி விட்டுக் குத்தினால் தீரும். இரண்டில் எது என்று பார்க்காமல் பம்ப்பைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். ஃபில்டர் சில நூறு ரூபாய், பம்ப்பும் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் பல ஆயிரம்.

எங்கள் படகுக்காரர்களிடம் இந்த விஷயத்தில் நான் மல்லுக்கட்டியதே இல்லை. துணி கட்டிய புனலில்தான் டீசல் ஊற்றுவார்கள், கடலுக்குப் போகும் முன் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து வடிப்பார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் தள்ளிவிட ஆள் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஆகவே, நின்ற வண்டியை வாங்கினால் ஓட்டும் முன் டேங்கைக் கழற்றுங்கள். அடித்திருகைத் திறந்து வடித்தது போதும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் "கழற்றிக் கழுவுங்க" என்று சொல்லுங்கள். ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா பாருங்கள், அதன் வழியே டீசல் ஒழுகாவிட்டாலும் காற்று உள்ளே ஏறும். மூடியின் வாஷரை மாற்றுங்கள். டீசல் மீட்டர் முள் காட்டுவதை நம்பாதீர்கள், சுத்தமான குச்சி விட்டு அளந்து பாருங்கள். இரண்டு செட் ஃபில்டர், காப்பர் வாஷர், சேரும் ஸ்பேனர் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். கை பிரைமரை (ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் சின்னக் கை பம்ப்) அடித்து டீசல் குழாயில் புகுந்த ஏர் எடுப்பதை மெக்கானிக் பக்கத்தில் நின்று ஒரு தடவை நீங்களே செய்து பழகுங்கள். கேரவனில் கேஸ் சிலிண்டர் இருந்தால் ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால் முதலில் ரோட்டை விட்டு இறக்குங்கள், எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். வாலிநோக்கம் பக்கம் ராத்திரியில் உப்பு லாரி ஓடும். பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை முறுக்காதீர்கள். டேங்க்தான் சந்தேகம் என்றால் சுத்தமான டீசல் கேனை மேலே இறுக்கிக் கட்டி, இழுக்கும் ஹோஸைக் கேனுக்குள் விடுங்கள், மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள். ரிட்டர்னை மறந்தால் கேன் டீசலெல்லாம் பழைய டேங்குக்குப் போய்விடும். அன்று அப்படித்தான், மேல் கேரியரில் கேன் கட்டி, கீழக்கரைப் பட்டறை வரை ஓட்டி வந்தோம். மறுநாள் டேங்கை இறக்கியபோது இரண்டு கையால் அள்ளும் அளவுக்குத் துரு.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தம்பி ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். வாயில் இழுத்த டீசல் ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் ஆஸ்பத்திரிதான். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரும்போதும் அது நெஞ்சுக்குள் இறங்கும். உடனே கூட்டிக்கொண்டு போங்கள். டீசல் இறைக்கிற பிளாஸ்டிக் கை பம்ப் கடைகளில் கிடைக்கிறது. வண்டிக்கு மெத்தை வாங்கும் அன்றைக்கே அதையும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.